எட்டு அடி விளக்கும் இருபது அடி விளக்கும்: மேடைக்கு லைட் தேர்ந்தெடுக்கும் கணக்கு

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழா. நான் சொந்தமாக எல்.இ.டி. பார் (PAR) லைட் வாங்கி இறக்கிய முதல் நிகழ்ச்சி. 54 பீடு, அதாவது 54 குட்டி எல்.இ.டி., வைத்த பார், மொத்தம் எட்டு. மேடைக்கு எதிரே எட்டடி தள்ளி, ஆள் உயர ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினேன். கிட்டே வைத்தால் வெளிச்சம் அள்ளும் என்று எண்ணம். திரை விலகியது. மேடையில் எட்டு வட்டம். வட்டத்துக்குள் நின்ற பிள்ளைகளின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போனது. இரண்டு வட்டத்துக்கு நடுவில் நின்ற பிள்ளைகள் இருட்டில் ஆடினார்கள். கும்மி அடித்துச் சுற்றி வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் மின்மினி மாதிரி எரிந்து அணைந்தது. முடிந்ததும் ஒரு அம்மா செல்போனை நீட்டி, “என் பொண்ணு எங்கண்ணா இருக்கா, நீங்களே காட்டுங்க” என்றார். என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விளக்கில் குறை இல்லை. அதே எட்டு விளக்கை இருபதடி தள்ளி, உயரத்தில் ஏற்றியிருந்தால் அந்த மேடைக்குத் தாராளம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. புதிதாக லைட் செட் போடும் தம்பிகள் யாராவது கேட்டால், “எத்தனை வாட் வாங்கலாம்ணா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வாட் என்பது கரண்ட் எவ்வளவு குடிக்கும் என்ற கணக்கு. ஜெனரேட்டர்காரரிடம் சொல்லத்தான் அது தேவை. மேடைக்குத் தேவையான கேள்விகள் இரண்டே: விளக்கிலிருந்து ஆடுபவரின் முகம்வரை எத்தனை அடி? அந்தத் தூரத்தில் வெளிச்சம் எத்தனை அடி விரிய வேண்டும்? முதலாவதை எங்கள் தொழிலில் த்ரோ என்போம், இரண்டாவதை ஸ்ப்ரெட்.

முதலில் த்ரோ. இதைத் தரையில் அளக்கக் கூடாது. கம்பத்தடியிலிருந்து மேடை விளிம்புவரை டேப்பு பிடித்துவிட்டு “இருபதடி” என்று எழுதிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு கம்பத்தின் உச்சியில் இருக்கிறது, முகம் மேடைக்கு மேலே ஐந்தடியில் இருக்கிறது. அளவு அந்தச் சரிவுக்கோட்டில்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன். மேடை உயரம் 4 அடி, அதன்மேல் முகம் 5 அடி, ஆக முகம் தரையிலிருந்து 9 அடி. விளக்கு 20 அடி உயரத்தில். மேலிருந்து கீழ் வித்தியாசம் 11 அடி. ஆள் நிற்கும் இடத்துக்கும் கம்பத்துக்கும் தரையளவில் 16 அடி. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256, 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121, கூட்டினால் 377. அதன் வர்க்கமூலம் பத்தொன்பதரைக்குச் சற்றுக் குறைவு. த்ரோ பத்தொன்பதரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு ஒத்துவராதவர்கள் கம்பத்தை ஏற்றும் முன்பே அதன் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள். கம்பம் நின்றபின் ஒரு பையனை மேடையில் நிறுத்தி, கயிற்றை அவன் மூக்குவரை இழுத்து முடிச்சுப் போட்டு, அப்புறம் கயிற்றைக் கீழே கொண்டுவந்து அளந்தால் போதும். நான் இன்றைக்கும் பாதி நேரம் கயிறுதான்.

அடுத்தது ஸ்ப்ரெட். விளக்கின் பெட்டியில் 25 டிகிரி, 45 டிகிரி என்று வெளிச்சம் விரியும் கோணத்தைப் போட்டிருக்கும். அந்த டிகிரியை அடியாக மாற்றத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு எண் உண்டு. த்ரோவை அந்த எண்ணால் பெருக்கினால் வட்டத்தின் அகலம் கிடைக்கும். 10 டிகிரிக்கு 0.17. 15-க்கு 0.26. 25-க்கு 0.44. 36-க்கு 0.65. 45-க்கு 0.83. 60-க்கு 1.15. இதை மனப்பாடம் செய்ய முடியாவிட்டால் டிகிரியை 57-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரிவரை அநேகமாக அப்படியே வரும், அதற்கு மேலே போனால் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

இப்போது என் பாலக்கோட்டுக் கூத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 டிகிரி விளக்கு, 8 அடி த்ரோ. எட்டை 0.44-ஆல் பெருக்கினால் மூன்றரை அடி. ஒரு பிள்ளை கையை விரித்தாலே வட்டத்துக்கு வெளியே போய்விடும். மேடை அகலம் 36 அடி. எட்டு வட்டத்தையும் இடித்து இடித்து வைத்தாலும் 28 அடிதான் வரும். அதே விளக்கு பத்தொன்பதரை அடியில் இருந்திருந்தால் ஒவ்வொரு வட்டமும் எட்டரை அடி. 36 அடி மேடைக்கு ஐந்து விளக்கு போதும், மூன்று மிச்சம். 45 டிகிரி விளக்காக இருந்திருந்தால் ஒவ்வொன்றும் 16 அடி விரியும், மூன்றிலேயே வேலை முடிந்திருக்கும்.

அப்படியென்றால் எப்போதும் 45 டிகிரியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். விரிந்தால் மெலியும். தோசை மாவு ஒரு கரண்டிதான். சின்னதாக ஊற்றினால் ஊத்தப்பம், பெரிதாக இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். ஒரே விளக்கில் 25 டிகிரி லென்ஸைக் கழற்றி 45 போட்டால், வெளிச்சம் விழும் பரப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்காகும், ஓர் இடத்தில் விழும் வெளிச்சம் அதே மூன்றரையில் ஒரு பங்காகும்.

தூரத்துக்கும் இதே கதைதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி இல்லை, கால். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. அகலமும் கூடுகிறது, உயரமும் கூடுகிறது அல்லவா, அதனால்தான். கடையில் விளக்கோடு தரும் தாளில் “1 மீட்டரில் 8000 லக்ஸ்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. ஒரு மீட்டரில் நின்று யாரும் ஆடப் போவதில்லை. நம் இருபதடி என்பது ஏறக்குறைய 6 மீட்டர். 6-ஐ 6-ஆல் பெருக்கினால் 36, 8000-ஐ அந்த 36-ஆல் வகுத்தால் 222 லக்ஸ். இதுதான் அந்த விளக்கின் உண்மையான சம்பளம். முகத்தில் 300-க்குக் கீழே போனால் பெற்றோர் எடுக்கும் செல்போன் வீடியோ புள்ளிபுள்ளியாக வருகிறது என்பது என் அனுபவம். அதனால் ஒரே இடத்தில் இரண்டு விளக்கு விழும்படி வைப்பேன். கண்ணுக்கு 100 லக்ஸே போதும் என்று தோன்றும். ஆனால் விழா முடிந்தபின் மிஞ்சுவது வீடியோதானே.

தாளில் இன்னொரு குழப்பமும் உண்டு. வட்டத்தின் நடுவில் இருக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும் இடம்வரை அளப்பது பீம் கோணம். பத்தில் ஒன்றாகக் குறையும் இடம்வரை அளப்பது ஃபீல்டு கோணம். ஒரே விளக்குக்கு ஃபீல்டு கோணம் பெரிதாகவே இருக்கும். மலிவு விளக்குகளின் பெட்டியில் எந்தக் கோணம் என்று எழுதுவதே இல்லை. அதனால் வாங்கிவந்த அன்று ராத்திரியே சோதித்துவிடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து சரியாக 10 அடியில் விளக்கை வையுங்கள். செல்போனில் லக்ஸ் பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கும். செல்போனில் வெளிச்சத்தை உணரும் கண் பெரும்பாலும் முன்பக்கம், காது வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும். அதை விளக்கின் பக்கம் திருப்பி வட்டத்தின் நடுவில் ஒரு எண் பாருங்கள். பிறகு சுவரோடு நகர்ந்து, அந்த எண் பாதியாகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவே நாலரை அடி இருந்தால், உங்கள் விளக்கின் எண் 0.45. அவ்வளவுதான், பெட்டியில் என்ன எழுதியிருந்தால் என்ன? செயலி காட்டும் லக்ஸ் துல்லியமாக இருக்காது. ஆனால் பாதி என்பதைக் கண்டுபிடிக்க அது போதும்.

அந்தப் பாதிக்கோடு எதற்கென்றால், இரண்டு விளக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒன்றின் பாதிக்கோடும் அடுத்ததன் பாதிக்கோடும் தொட வேண்டும். அந்த இடத்தில் இங்கிருந்து ஒரு பாதி, அங்கிருந்து ஒரு பாதி, சேர்ந்து முழுசு. பிள்ளை நடந்து போனாலும் முகத்தில் ஏற்ற இறக்கம் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பை விளிம்போடு ஒட்டி வைத்தால் நடுவில் இருட்டு விழும், நான் வைத்த மாதிரி.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 35 டிகிரி சரிவில் இறங்குகிறது. முகத்துக்கு 35 முதல் 45 டிகிரிவரை சரிவு அழகு. கம்பத்தைக் குட்டையாக வைத்து 33 அடி தள்ளி நின்றால் சரிவு 12 டிகிரிகூட வராது. முகம் தட்டையாகத் தெரியும், பின்னால் இருக்கும் பேனரில் நிழல் ராட்சசன் மாதிரி ஆடும், தலைமையாசிரியர் கண் கூசி வரவேற்புரையைத் தப்பாகப் படிப்பார். முன்வரிசை விருந்தினருக்குக் கம்பம் மறைக்கிறது என்றால், மேடைக்கு நடுவே வைக்காமல் இரண்டு ஓரத்தில் இரண்டு டவர் போட்டு, இடது டவர் வலப்பக்கத்தையும் வலது டவர் இடப்பக்கத்தையும் பார்க்கும்படி குறுக்காக வையுங்கள். அப்போது த்ரோ கூடும். கயிற்றை மறுபடி பிடிக்க வேண்டும்.

பள்ளி மேடை இவ்வளவுதான். கூத்து ஆடும் களம், அதாவது கூத்துக் களரி, வேறு சமாச்சாரம்.

எங்கள் அப்பா காவேரிப்பட்டணத்தில் காஸ் லைட் வாடகைக்கு விட்டவர். மண்ணெண்ணெய் ஊற்றி, காற்று அடித்து, மேண்டில் எரிய வைக்கும் பெட்ரோமாக்ஸ். பாரதக் கூத்துக்கு இரண்டோ நான்கோ விளக்கை மூங்கிலில் தொங்கவிட்டால் விடியவிடிய ஆட்டம். அந்த விளக்கு நாலாபக்கமும் சமமாக வெளிச்சம் தரும். அதற்கு பீம் என்று ஒன்றே கிடையாது. அதனால் ஆட்டக்காரர்தான் விளக்கைத் தேடி வருவார். முக்கியமான வசனம் என்றால் விளக்கடியில் வந்து நின்று சொல்வார், அடவு வைத்துச் சுற்றும்போது இருட்டுக்குள் போய் வருவார் என்று அப்பா சொல்வார். த்ரோ கணக்கு அன்றைக்கும் இருந்திருக்கிறது. அளந்து நின்றவர் ஆட்டக்காரர்.

இப்போது ஊர்க்காரர்கள் ஒரு 200 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட்டை மின்கம்பத்தில் கட்டிவிடுகிறார்கள். ஃப்ளட் என்பது 100 டிகிரிக்கு மேலேயே விரியும் விளக்கு. கொள்ளை மேட்டில் மாடு கட்டியிருப்பதும் தெரியும், துரியோதனன் முகம் தெரியாது. கூத்தில் மூன்று பக்கம் சனம் உட்கார்ந்திருக்கும், தரையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு பக்க விளக்கு எதிர்ப்பக்கத்து ஆட்கள் கண்ணில் அடிக்கக் கூடாது. நான் செய்வது இது: களரி இருபதுக்கு இருபது அடி என்றால் நான்கு மூலைக்கும் சற்று வெளியே நான்கு கம்பம், 14 அடி உயரம், ஒவ்வொன்றிலும் 25 டிகிரி பார் இரண்டு. வெளிச்சம் களரிக்குள்ளேயே தரையைத் தொட்டு முடிந்துவிட வேண்டும், சனத்தின் மடியில் விழக் கூடாது. சாய்வாக விழும் வட்டம் தரையில் முட்டை மாதிரி நீளும் என்பதை மறந்துவிடாதீர்கள். 35 டிகிரி சரிவில் எட்டடி வட்டம் தரையில் 14 அடி நீளத்துக்கு ஓடும்.

கிரீடம் இன்னொரு சிக்கல். பள்ளி மேடைக்கு 45 டிகிரிவரை சரிவு அழகு என்றேன். பெரிய கிரீடம் வைத்த வேடத்துக்கு அந்தச் சரிவில் அடித்தால் கிரீட விளிம்பின் நிழல் கண்வரை இறங்கிவிடும். அரிதாரத்தில் கண்ணைச் சுற்றி எழுத அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்கள், அது முழுக்க இருட்டுக்குள் போகும். 30 டிகிரிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடித் துண்டு பதித்திருக்கும். சின்ன, கூர்மையான பீம் பட்டால் அது தெறித்து விளையாடும், ஃப்ளட்டில் சும்மா மினுமினுக்கும். அதற்காகவே ஒரே ஒரு 10 டிகிரி விளக்கைத் தனியாக வைத்துக்கொள்வேன். திரை பிடித்து வேடம் உள்ளே வரும் அந்த நிமிடத்துக்கு மட்டும். எல்லா விளக்கையும் தட்டி எரிய விட்டுவிட்டு, “எப்படி இருக்கு” என்று கேட்கும் ஆட்களோடு எனக்கு ஒத்துவராது.

கணக்கு தெரியாமல் கைவைக்கவே கூடாத வேலை ஒன்று உண்டு. அர்ச்சுனன் தபசு. அர்ச்சுனன் வேடம் போட்டவர் தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து விபூதியும் வில்வமும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். பகலில் ஏறினால் நமக்கு வேலையில்லை. இருட்டு பிரியும் முன்பே ஏறும் ஊரில்தான் விளக்கு.

மரம் ஐம்பதடி என்று வையுங்கள். முதன்முதலில் நான் மரத்தடியிலிருந்து 30 அடியில், ஐந்தடி ஸ்டாண்டில் விளக்கை வைத்தேன். ஏற ஆரம்பிக்கும்போது த்ரோ 30 அடி, பளிச்சென்று இருந்தது. உச்சிக்குப் போனபோது சரிவுக்கோடு 54 அடி ஆகிவிட்டது. வெளிச்சம் மூன்றில் ஒன்றுகூட இல்லை. சரியாகப் பழம் வீசும் நேரத்தில் ஆள் மங்கிப் போனார். மறுவருடம் 60 அடி தள்ளி வைத்தேன். கீழே 60, உச்சியில் 75. வெளிச்சம் குறைந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது, கண்ணுக்குக் குறைந்ததே தெரியவில்லை. ஏறி இறங்கும் ஆளுக்கு விளக்கைத் தள்ளி வை, கூர்மையான விளக்காக வை. ஆளைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு அடி வட்டம் போதும். 12-ஐ 75-ஆல் வகுத்தால் 0.16. அதாவது 9 டிகிரி.

இங்கேதான் பழைய பார் 64 கேன், ஹாலஜன் பல்பு போடும் டப்பா விளக்கு, இன்றைக்கும் ராஜா. பார் என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண், விளக்கின் விட்டம் எட்டில் ஒரு அங்குலக் கணக்கில். 64-ஐ எட்டால் வகுத்தால் 8 அங்குலம். உள்ளே போடும் பல்பு பெரும்பாலும் ஒரே 1000 வாட், ஆனால் முக்கியமாக மூன்று விதம். சி.பி.60 என்றால் மிகக் கூர்மை, 9-க்கு 12 டிகிரி. சி.பி.61 அதற்கு அடுத்தது, 10-க்கு 14. சி.பி.62 விரிந்தது, 11-க்கு 24. வட்டமாக விழாது, நீளவாக்கில் விழும். பின்பக்கம் கைவிட்டுப் பல்பைத் திருப்பினால் அந்த நீளம் படுக்கையாகவோ நிமிர்ந்தோ மாறும். தபசுக்கு நிமிர்த்தி வைப்பேன். சி.பி.60-இன் நடுவெளிச்சம் ஏறக்குறைய 3,20,000 கேண்டெலா (விளக்கு ஒரு திசையில் தரும் வெளிச்சத்தின் அளவு). 75 அடி என்பது 23 மீட்டர். 23-ஐ 23-ஆல் பெருக்கி, 3,20,000-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 600 லக்ஸ். சி.பி.62-க்கு 1,25,000 கேண்டெலாதான். அதே கரண்ட், அதே கேன், வெளிச்சம் பாதிக்கும் குறைவு. “ஆயிரம் வாட் லைட் அண்ணா” என்று யாராவது சொன்னால் “எந்த பல்பு?” என்று கேளுங்கள்.

அந்த 600 லக்ஸ் முழு வோல்டேஜ் இருந்தால்தான். ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். மெல்லிய வயரை நூறு மீட்டர் இழுத்துக் கொண்டுபோனால் அது சாதாரணமாக நடக்கும். விளக்கடியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். எல்.இ.டி.க்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இன்னொன்று, இது வெளிச்சக் கணக்கைவிடப் பெரியது. ஏறும் ஆளின் முகத்துக்கு நேராக விளக்கை அடிக்காதீர்கள். அவருக்கு அடுத்த படி தெரிய வேண்டும். இறங்கும்போது காலடி தெரிய வேண்டும். பக்கவாட்டிலிருந்து இரண்டு விளக்கு, ஒன்று இடம், ஒன்று வலம். ஏறும் முன்பு அவரிடம் போய், “அண்ணா, லைட் இங்கிருந்து வரும், கண்ணில் பட்டால் கையைக் காட்டுங்க” என்று சொல்லிவிடுவேன். கேனைத் திருப்ப ஒரு பையன் கையுறையோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்தக் கேன் எரிந்தபின் வெறும் கையால் தொட முடியாது. கீழே நிற்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு ஃப்ளட். அங்கே அது பொருத்தம்.

ஷார்பி என்ற, தலை சுழலும் கூர்மையான பீம் விளக்கைத் தபசுக்குப் போடலாமே என்று கேட்டார்கள். நான்கு டிகிரிக்கும் குறைவான பீம். 75 அடியில் ஐந்தடி வட்டம்தான், ஆள் கையை நீட்டினால் கை வெளியே. வானத்தில் கோடு போட, டி.ஜே.க்கு, சரி. அந்தக் கோடும் காற்றில் புகையோ தூசியோ இருந்தால்தான் தெரியும். விளக்கின் உடம்பில் பொருளுக்கும் விளக்குக்கும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம் மீட்டரில் அச்சிட்டிருக்கும். பந்தல் துணிக்கு அதைவிடக் கிட்டே திருப்பினால் துணி தீப்பிடிக்கும். பகலில் லென்ஸைச் சூரியன் பக்கம் காட்டி நிறுத்தவும் கூடாது. வெயில் லென்ஸ் வழியாக உள்ளே குவிந்து உள்பாகத்தைப் பொசுக்கும். நம் ஊர் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். தலையைக் கீழே கவிழ்த்து வையுங்கள்.

ப்ரொஃபைல் லைட் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வாடகைக்கு அதிகம் கிடைக்காது. வேண்டுமென்றால் பெங்களூரிலிருந்து வரவழைக்கலாம். 19, 26, 36 டிகிரிக் குழாய்கள் பொதுவாக இருக்கும். விளிம்பைக் கத்திபோல் வெட்டலாம், மைக் ஸ்டாண்டு ஆளுக்கு மட்டும் வெளிச்சம் கொடுக்கலாம். நாடகக்குழு கேட்டால் தவிர எடுக்காதீர்கள்.

வாங்குவதைப் பற்றிக் கடைசியாக. நானும் ஓசூர் தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போகிறேன். கையில் கொஞ்சம் பணம்தான் என்றால் 25 டிகிரி பார் ஆறு வாங்குங்கள், 45 வேண்டாம். கூர்மையான விளக்கை விரிக்கலாம், விரிந்த விளக்கைக் கூர்மையாக்க முடியாது. முன்னால் ஒரு ஃப்ராஸ்ட் தாளை (வெளிச்சத்தைப் பரப்பும் மங்கலான பிளாஸ்டிக் தாள்) மாட்டினால் 25 டிகிரி விளக்கு நாற்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கொஞ்சம் வெளிச்சம் தின்னும், பரவாயில்லை. அந்தத் தாளை எல்.இ.டி.க்கு மட்டும் ஒட்டி மாட்டுங்கள். ஹாலஜன் கேனில் அதற்குரிய ஃப்ரேமில்தான், இல்லையென்றால் உருகும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி பீடாக இருக்கும் பாரை ஆறடிக்குள் வைக்காதீர்கள். நிறம் கலக்க இடம் இல்லாமல் நிழல் மூன்று கலரில் விழும். கையில் இன்னும் பணம் இருந்தால் பழைய பார் 64 கேன் இரண்டு, சி.பி.60 பல்போடு. எந்த விளக்கானாலும் மேலே கட்டும்போது கிளாம்ப் தவிரத் தனியாக ஒரு சங்கிலி. கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றில் 20 அடி டவர் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பார்த்தேன், நல்ல வேளை கீழே நாற்காலி மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து நான்கு பக்கமும் கயிறு, அடியில் மணல் மூட்டை.

என் விளக்கு ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் ஒரு எண் இருக்கிறது. 0.45, 0.42, 0.80 என்று. பத்தடிச் சுவரில் அளந்தது. புதிதாக வந்த பையன் அது விலை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.